மீட்டர் 24 வோல்ட் காட்டுகிறது, எஞ்சின் ஏன் அணைகிறது?

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒன்பது வயதான 24 வோல்ட் ஜப்பான் லாரி. சிங்கப்பூரில் சுங்கை காடுட் பக்கம் தங்கும் விடுதியிலிருந்து துவாஸ் வேலையிடத்துக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று எஞ்சின் அணைந்துவிடுகிறதாம். பத்து நிமிடம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறதாம். ஸ்கேனரில் பி0562, அதாவது சிஸ்டம் வோல்டேஜ் குறைவு என்ற கோடு. பேட்டரி இரண்டும் புதிதாகப் போட்டாயிற்று, ஆல்டர்னேட்டரையும் கழற்றிப் பார்த்தாயிற்று. வொர்க்‌ஷாப்பில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "இசிஎம் வரைக்கும் 24 வோல்ட் சரியாக வருது, அப்போ இசிஎம்தான் போச்சு, நாலாயிரம் வெள்ளி ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். இசிஎம் என்பது எஞ்சினை நடத்தும் கணினிப் பெட்டி; அதை மாற்றிவிடலாமா அண்ணா என்பது கேள்வி.

வேண்டாம் தம்பி, ஒரு நாள் பொறுங்கள். நான் இந்த ஊரில் இருபது வருடத்துக்கு மேலாக டீசல் வண்டிகளின் வயரிங் வேலை பார்க்கிறேன். "போச்சு" என்று சொல்லி என் மேசைக்கு வந்த இசிஎம்களில் பாதிக்கு மேல் நல்ல பெட்டிகள். கோளாறு பேட்டரியிலிருந்து பெட்டிக்குக் கரண்ட் வரும் வழியில் இருந்தது, அல்லது பெட்டியிலிருந்து மைனஸுக்குத் திரும்பும் வழியில் இருந்தது. அந்த இரண்டு வழியையும் லோடு வைத்து, அதாவது கரண்ட் இழுக்கும் ஒன்றை மாட்டிச் சோதிக்காமல் பெட்டியின் மேல் பழி போடுவது நியாயமே இல்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கோளாறு தீரும்வரை அந்த லாரியின் பின்னால் ஆட்களை ஏற்றாதீர்கள். எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் பம்ப்பும் நின்றுபோகும், வளையம் கல்லாகக் கனக்கும். பிரேக்குக்கு டேங்கில் மிச்சமிருக்கும் காற்றோ வேக்குவமோதான் துணை, அதுவும் நாலைந்து மிதிக்குள் தீர்ந்துவிடும். தீவு விரைவுச்சாலையில் பின்னால் கன்டெய்னர் டிரெய்லர் வந்துகொண்டிருக்கும்போது இப்படி நின்றால் என்ன ஆகும் என்று உங்கள் முதலாளியிடம் எடுத்துச் சொல்லுங்கள். சில நாளைக்கு ஆட்களுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். அடுத்த தடவை அணையும்போது, மறுபடி ஸ்டார்ட் செய்ய முயற்சிக்காமல் சாவியை ஆன் நிலையிலேயே விட்டு இரண்டு விஷயத்தைப் பாருங்கள். டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு என்ன செய்கிறது? ஸ்கேனரைச் செருகினால் இசிஎம் பதில் சொல்கிறதா? எஞ்சின் நின்ற பிறகும் இசிஎம் ஸ்கேனரோடு நன்றாகப் பேசினால் அதற்குச் சாப்பாடு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது எஞ்சின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார், டீசல் சப்ளை என்று வேறு பக்கம் தேட வேண்டும். சூட்டில் செத்து, ஆறினால் உயிர் பெறும் கிராங்க் சென்சாரும் இதே பத்து நிமிட நாடகத்தைக் காட்டும். இசிஎம் பேசவே இல்லை, மற்ற பெட்டிகள் எல்லாம் பேசுகின்றன என்றால் கரண்ட் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்களிடம் பி0562 கோடு ஏற்கெனவே இருப்பதால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம். பெரிய எஞ்சின்களில் இதே விஷயம் எஸ்பிஎன் 168, எஃப்எம்ஐ 4 என்று வரும். கம்மின்ஸ் எஞ்சினாக இருந்தால் 441 என்று வரும். சாவி ஆனில் இருக்கும்போதே சப்ளை அறுந்துபோனால் அதே கம்மின்ஸ் 434 காட்டும்.

இனி அந்த மீட்டர் சமாச்சாரம். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சாதாரணமாக 10 மெகா ஓம். 24 வோல்ட்டில் அதன் வழியே ஓடுவது 2.4 மைக்ரோ ஆம்பியர். அவ்வளவு சொற்பக் கரண்டுக்கு, அறுந்து ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரும் போதும், களிம்பு பிடித்த கனெக்டர் பின்னும் (உள்ளே இருக்கும் உலோக முனையும்) போதும். மீட்டர் அழகாக 24.6 காட்டும். ஆனால் எஞ்சின் ஓடும்போது இசிஎம் கேட்பது மைக்ரோ ஆம்பியர் இல்லை, பல ஆம்பியர். அந்த வழியில் எங்கோ ஒரு கனெக்டரில் அரை ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 8 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 4 வோல்ட் தொலைந்துபோகும். கிராங்க் அடிக்கும்போது, அதாவது ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றும்போது, பேட்டரியே 19 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் இசிஎம்முக்குக் கிடைப்பது 15. இன்னொன்றும் நடக்கிறது. அதே அரை ஓமில் 8 ஆம்பியர் ஓடினால் அங்கே 32 வாட் சூடு உண்டாகும். நாம் சால்டர் வைக்கிற இரும்பு ஒன்று ஏறக்குறைய 30 வாட்தான். கனெக்டருக்குள் ஒரு சால்டர் இரும்பு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பழுப்பாகும், பின்னின் பிடிப்புத் தளரும், தளர்ந்தால் தடை இன்னும் கூடும். ஒரு கட்டத்தில் தொடர்பு விட்டுப்போய் எஞ்சின் அணையும். பத்து நிமிடத்தில் ஆறி மறுபடி தொட்டுக்கொள்ளும். உங்கள் லாரி செய்வது அச்சாக இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் சோதனையை லோடோடு செய்யுங்கள். வண்டியின் வயரிங் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பேட்டரி மைனஸைக் கழற்றி, இசிஎம் கனெக்டரை எடுங்கள். படத்தில் எந்தெந்தப் பின் பிளஸ், எந்தெந்தப் பின் எர்த் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று இருக்காது, பெரும்பாலும் இரண்டு மூன்று பிளஸ், அதைவிட அதிகமாக எர்த் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பேட்டரியை மறுபடி மாட்டி, 24 வோல்ட் 70 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் வைத்து, ஒரு முனையை கனெக்டரின் பிளஸ் பின்னிலும் மறுமுனையைப் பேட்டரி மைனஸிலும் கொடுங்கள். கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும். சாவி ஆனில் இருக்கட்டும்; மெயின் ரிலே (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) வழியாகக் கரண்ட் வரும் பின் என்றால், இசிஎம் கழன்றிருக்கும்போது ரிலே தானாகப் பிடிக்காது, அதைப் பிடிக்க வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பல்ப் பளிச்சென்று எரிகிறதா? எரியும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸிலும் மறு முனையை அந்தப் பின்னிலும் வைத்தால், வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று நேராகவே தெரியும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். எர்த்துக்கும் இதையே திருப்பிச் செய்யுங்கள்: பல்பின் ஒரு முனை பேட்டரி பிளஸில், மறுமுனை எர்த் பின்னில். எர்த் வழியில் 0.1 வோல்ட்டைத் தாண்டினாலே எனக்குச் சந்தேகம் வரும், 0.2க்கு மேல் போனால் கட்டாயம் தேடுவேன். பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் ஹார்னஸை (வயர்க் கட்டை) அடி முதல் நுனி வரை கையால் அசைத்துக்கொண்டே வரட்டும். எந்த இடத்தில் பல்ப் சிமிட்டுகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

இரண்டு எச்சரிக்கை. மீட்டர் முனையை கனெக்டரின் பெண் பின்னுக்குள் குத்தாதீர்கள். வாய் அகன்றுவிட்டால் இல்லாத கோளாறை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். சரியான அளவுள்ள ஆண் பின் ஒன்றை வயரில் அடித்து அதைச் செருகுங்கள். அப்புறம், இந்த பல்ப் வித்தை பிளஸ், எர்த் பின்களுக்கு மட்டும். சென்சார் வயரிலோ இஞ்செக்டர் வயரிலோ வைத்தால் நல்ல இசிஎம்மையும் கொன்றுவிடுவீர்கள். எஞ்சின் ஓடும்போது இஞ்செக்டர் வயரைத் தொடவும் கூடாது. இசிஎம் அங்கே வோல்டேஜை 50, 80 என்று உயர்த்தி அனுப்புகிறது, பீசோ இஞ்செக்டராக இருந்தால் 100க்கு மேல். அது ஆளைத் தூக்கிப் போடும்.

பல வருடத்துக்கு முன் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும், உங்களுக்கு உதவும். இதேபோல ஒரு லாரி. மீட்டர் நல்ல வோல்ட் காட்டியது, நான் இசிஎம் என்று முடிவு கட்டி, பழைய பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். வண்டி ஓடியது. காசு வாங்கிக்கொண்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் பாசிர் பாஞ்சாங் பக்கத்தில் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் பியூஸ் பெட்டியின் பின்புறத்தில் ஒரு டெர்மினல் வாய் பிளந்து இருந்தது. பெட்டியை மாற்றும்போது ஹார்னஸை இழுத்து அசைத்ததில் அது தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்த ஓட்டுநரின் மூன்று நாள் சம்பளம் போனதை இன்றும் மறக்கவில்லை. "புதுப் பெட்டி போட்டதும் ஓடியது, அதனால் பழையது கெட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய பெட்டியையே கழற்றி மாட்டினாலும் ஓடியிருக்கலாம்.

எங்கே தேடுவது? என் கை முதலில் போவது எர்த்துக்கு. எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் பின்னல் பட்டை, கேபினிலிருந்து சேசிஸுக்குப் போகும் வயர், பேட்டரி மைனஸ் சேசிஸில் போல்ட் அடித்த இடம். துவாஸ், ஜூரோங் தீவு, துறைமுகம் என்று கடல் காற்றில் ஓடும் வண்டிகளில் வயர் முனையிலுள்ள வளையமான லக்குக்கு அடியில் துரு படர்ந்திருக்கும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கழற்றி, வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்து, முடுக்கி, அதற்குப் பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். பலர் கிரீஸை அடியில் வைத்துவிட்டு முடுக்குகிறார்கள். எஞ்சின் பட்டை சரியில்லாதபோது ஸ்டார்ட்டரின் பல நூறு ஆம்பியர் வேறு வழி தேடும். மெல்லிய வயர்களின் வழியாகவும், சில சமயம் இசிஎம் எர்த் வழியாகவும் திரும்பப் பார்க்கும். கிராங்க் அடிக்கும்போது எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் ஏறினால் பட்டையை மாற்றிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது மெயின் ரிலே, அதாவது இசிஎம்முக்கு முழுக் கரண்டைத் திறந்துவிடும் மின்சுவிட்ச். பெரும்பாலான நடுத்தர லாரிகளில் சாவி போட்டதும் ஒரு சின்ன சிக்னல் இசிஎம்முக்குப் போகும், இசிஎம் எழுந்து மெயின் ரிலேயின் காயிலைத் தானே எர்த் செய்யும், ரிலே பிடித்ததும் முழுக் கரண்ட் ரிலேயின் 30 என்ற காலிலிருந்து 87 என்ற கால் வழியாக உள்ளே வரும். சாவியை அணைத்த பிறகும் சில நொடி ரிலே பிடித்துக்கொண்டிருக்கும். கற்றுக்கொண்ட கணக்குகளை இசிஎம் எழுதி வைத்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். சாவியை அணைத்துக் காதை வைத்துக் கேளுங்கள், கொஞ்சம் தாமதமாக ஒரு "டக்" வர வேண்டும். வராவிட்டால் ரிலேயோ அதன் கட்டுப்பாட்டு வயரோ சரியில்லை, பி0685 போன்ற கோடும் சேர்ந்து வரும். ரிலே ஒட்டிக்கொண்டு விடாமலே இருந்தால் காலையில் பேட்டரி காலி. இந்த ஊரில் நான் பலமுறை பார்த்தது, அவசரத்துக்குக் கார் கடையில் வாங்கிய 12 வோல்ட் ரிலேயை 24 வோல்ட் லாரியில் செருகியிருப்பார்கள். அச்சு ஒன்றேதான், கச்சிதமாக உட்காரும், வேலையும் செய்யும். ஆனால் காயிலுக்கு இரு மடங்கு வோல்ட், அதாவது நாலு மடங்கு சூடு. சில வாரத்தில் கருகி, சூடானதும் விட்டுவிடும், ஆறினால் பிடிக்கும். உங்கள் ரிலேயின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

பேட்டரி புதிது என்றீர்கள். புதிதாக இருக்கட்டும், இரண்டையும் தனித்தனியாக அளந்தீர்களா? ஓய்வில் ஒவ்வொன்றும் 12.6க்கு மேல், இரண்டும் ஏறக்குறைய ஒரே எண். எஞ்சின் ஓடும்போது மொத்தம் 27.5லிருந்து 28.5 வரை. யாராவது போன் சார்ஜருக்கோ ரேடியோவுக்கோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருந்தால், அந்தப் பேட்டரி எப்போதும் பாதி வயிற்றோடு இருக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். மொத்தக் கணக்கில் 25 வோல்ட் சரியாகத் தெரியும், கிராங்க் அடித்ததும் சரியும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள், பெரிய செலவில்லை. ஓடும்போது மீட்டரை ஏசிக்கு மாற்றி பேட்டரியில் வைத்துப் பார்ப்பதும் நல்லது. அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி தெரிந்தால் ஆல்டர்னேட்டருக்குள் ஒரு டயோடு போயிருக்கிறது. டிசி அளவு நன்றாக இருந்தாலும் அந்த அலை இசிஎம்மைக் குழப்பும்.

பிறகு சேர்த்த வயர்களையும் பாருங்கள். பின் கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர், டெயில்கேட் லிஃப்ட். 3,500 கிலோவுக்கு மேல் 12,000 கிலோ வரையுள்ள லாரிகளுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமாகிவருவதால் அந்த வேலையும் இப்போது நிறைய நடக்கிறது. வேலை செய்தவர் கவனமாகச் செய்திருந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் எங்காவது, வயரை உரிக்காமலே இணைக்கும் நீலக் கிளிப் ஒன்றைக் கடித்து இசிஎம் சப்ளை வயரிலிருந்து கரண்ட் எடுத்திருந்தால், அந்தக் கிளிப் நாலைந்து இழையை வெட்டியிருக்கும். நம் ஊர் ஈரத்துக்கு ஆறு மாதத்தில் செம்பு பச்சையாகிவிடும். அந்த ஈரம் கிளிப்போடு நிற்காது. இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் வயருக்குள்ளேயே தண்ணீர் நடக்கும், ஓரடி தள்ளி வெட்டினாலும் உள்ளே கருப்பாக இருக்கும். பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போய், அங்கே புது வயர் சேர்க்க வேண்டும். டிசம்பர் மழையில்தான் கோளாறு அதிகமாகிறது என்றால் இதைத்தான் முதலில் தேடுவேன்.

இசிஎம் உள்ளே 5 வோல்ட் ஒன்றைத் தயாரித்துச் சென்சார்களுக்குக் கொடுக்கிறது. அங்கேயும் சப்ளைக் கோளாறு வரும், ஆனால் முகம் வேறு. பி0641, பி0651 என்று கோடு வரும், சம்பந்தமில்லாத நாலைந்து சென்சார் ஒரே நேரத்தில் செத்ததுபோல் காட்டும். அப்போது சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால், ஹார்னஸைக் கழற்றி இசிஎம் பின்னிலேயே பாருங்கள்.

இத்தனையும் சுத்தமாக இருந்து, எல்லா பிளஸ் பின்னிலும் பல்ப் பளிச்சென்று எரிந்து, எல்லா எர்த்தும் சரியாக இருந்து, அப்போதும் இசிஎம் எழவில்லை என்றால் சரி, பெட்டிதான். அதற்கும் பெரும்பாலும் ஒரு காரணக் கதை இருக்கும். யாராவது ஜம்ப் கேபிளைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள். அல்லது எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றியிருப்பார்கள். சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் பேட்டரி திடீரென்று விலகினால், 24 வோல்ட் வண்டியில் ஆல்டர்னேட்டர் 150 வோல்ட்டுக்கு மேலும் துள்ளலாம். அல்லது இசிஎம் கனெக்டரையும் பேட்டரியையும் கழற்றாமல் சேசிஸில் வெல்டிங் வைத்திருப்பார்கள். பெட்டியின் வாசலில் இந்த அடியைத் தாங்கவென்றே ஒரு பாதுகாப்பு டயோடு இருக்கும். அது தன்னைப் பலி கொடுத்து ஷார்ட் ஆகிவிடும், அதனால் புது பியூஸ் போட்டதும் எரியும். இசிஎம்மைக் கழற்றி வெளியில் வைத்து, பிளஸ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையில் மீட்டரை டயோடு நிலையில் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் அந்த டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். அதே அளவில் ஒன்று சிம் லிம் டவரில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். ஆனால் பெட்டியைத் திறப்பது, ஜெல்லை எடுப்பது, தடித்த செம்புப் பரப்பில் சால்டர் வைப்பது எல்லாம் பழகிய கைக்கு மட்டும். வயதான பெட்டிகளில் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் வற்றிப்போவதும் உண்டு. ஆறிய நிலையில் கோளாறு காட்டி, சூடானதும் சரியாகும் பெட்டியில் நான் முதலில் அதைத்தான் அளப்பேன்.

உங்கள் வண்டியில் பழைய பெட்டியைச் சரிசெய்ய முடிந்தால் அதுதான் நல்லது, காசுக்காக மட்டும் சொல்லவில்லை. இஞ்செக்டர்களின் திருத்த எண், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விவரம், வண்டி எண் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. வேறு பெட்டி போட்டால் அவற்றை எழுத வேண்டும், எழுதாமல் விட்டால் எஞ்சின் தட்டும், புகை விடும், பரிசோதனையில் மாட்டும். பத்து வயது தாண்டினால் லாரிக்குப் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பதையும், அடுத்த வருடம் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) முடியப் போகிறது என்பதையும் முதலாளி கணக்கில் வைத்துக்கொள்ளட்டும். நாலாயிரம் வெள்ளி என்பது அந்த முடிவோடு சேர்த்து யோசிக்க வேண்டிய தொகை.

டெர்மினல் மாற்றும்போது அந்த அளவுக்கான கிரிம்பரால் அடியுங்கள். அதிரும் இடத்தில் சால்டர் மட்டும் வைத்தால் சால்டர் முடியும் இடத்தில் இழை முறியும். எரிகிற பியூஸுக்குப் பதில் பெரிய பியூஸ் போடவே போடாதீர்கள்.

இன்று மாலை செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ரிலேயின் மேலுள்ள எண்ணைப் பாருங்கள், பியூஸ் பெட்டியின் பின்புறத்தைப் படம் எடுங்கள், அணைந்த நேரத்தில் எஞ்சின் விளக்கு என்ன செய்தது என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். அந்த மூன்றையும் எனக்கு எழுதுங்கள் தம்பி. எந்தப் பின்னில் முதலில் பல்ப் வைக்க வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.